போருக்குப் போய்த் திரும்பாதவரை நினைவில் நிறுத்த: பெயர், நாள், கல்

வேலூர் வட்டாரக் கிராமங்கள் சிலவற்றில் முதல் உலகப்போர் முடிந்த கையோடு அன்றைய அரசு பதித்த சிறு பலகைக்கல் இன்றும் இருக்கிறது. ‘இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். எண்ணிக்கை மட்டும்தான்; பெயர் ஒன்றுகூட இராது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரனின் பெயர் மட்டுமல்ல, அவனுடைய நாயின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது: கோவிவன். ஏறக்குறைய 1,400 ஆண்டுகளாக அந்த நாயின் பெயரை நம்மால் படிக்க முடிகிறது. பலகைக்கல்லில் எண்ணிக்கையாகிப்போனவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

அதனால் மாலை, விளக்கு, படம் எல்லாவற்றுக்கும் முன்னால் பெயரைச் சரியாகப் பிடிக்க வேண்டும். உலகப்போர்களில் இறந்த தாத்தா, கொள்ளுத்தாத்தா, பெரியப்பா ஆகியோரைத் தேடும் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். 1947க்குப் பிந்தையவர்களுக்கு வழி வேறு. அதுவும் இடையில் வருகிறது.

முதல் கேள்வி: எந்தப் படை?

‘பட்டாளத்துக்குப் போனார், பர்மாவில் செத்துப்போனார்’ என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஒரு வரிக்குள் மூன்று வெவ்வேறு கதைகள் இருக்கலாம். பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்திருந்தால் பெயர் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் (CWGC) பதிவேட்டில் இருக்க வேண்டும். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்தால் அங்கே இராது. மலேயாத் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கு டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகளில் தேட வேண்டும். சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போன தோட்டத் தொழிலாளியாக இருந்தால் அவர் படைவீரரே அல்லர், எந்த ராணுவப் பதிவேட்டிலும் கிடைக்கமாட்டார். இந்த மூன்றையும் பிரிக்காமல் ஒரே பதிவேட்டில் வருடக்கணக்காகத் தேடுவதுதான் பல குடும்பங்கள் செய்யும் முதல் தவறு.

போர்க்கல்லறை ஆணையத்துக்குக் காலவரம்பும் உண்டு. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இதற்குள், படைப்பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் காய்ச்சலில் இறந்தாலும் வண்டி கவிழ்ந்து இறந்தாலும் கணக்கில் வருவார். சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், துப்புரவாளர் என்று படையோடு போன ‘ஃபாலோயர்’களும் வருவார்கள்.

வீட்டில் என்ன தேட வேண்டும்?

தகரப்பெட்டிதான் முதல் ஆவணக் காப்பகம். குடும்ப பென்ஷன் புத்தகம், மணியார்டர் அடிச்சீட்டு, கடித உறையின் பின்பக்கம், பதக்கம். இவற்றில் நாம் தேடுவது படை எண். எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரே பெயரில் பத்து முனுசாமி இருக்கலாம், ஒரே பிரிவில் ஒரே எண்ணில் இருவர் இருக்கமாட்டார்கள்.

பதக்கத்தின் தட்டைப் பக்கத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்த வட்டப் பதக்கங்களில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பெரும்பாலும் விளிம்பில்தான் பொறித்தார்கள். எழுத்து மிகச் சிறியது, தேய்ந்தும் இருக்கும். அறையை இருட்டாக்கிக்கொண்டு, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் விளிம்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழெட்டுப் படம் எடுங்கள். புளி, சாம்பல், பித்தளைப் பொடி எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு தேய்ப்பும் எழுத்தில் கொஞ்சத்தைக் கொண்டுபோய்விடும். பூஜைச் சாமானோடு சேர்த்து ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை துலக்கிய பதக்கங்களில் பெயர் மொழுக்கையாகிப் போயிருக்கும். முதல் போர்ப் பதக்கத்தோடு சுமார் 12 செ.மீ. அகலத்தில் வெண்கல வட்டத்தகடு ஒன்றும் இருக்கலாம். இறந்தவர் குடும்பத்துக்கு மட்டுமே அது கொடுக்கப்பட்டது. அதில் பெயர் உண்டு, பதவி இராது.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும்போது ‘எந்த ரெஜிமென்ட்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘எங்கே ஆள் எடுத்தார்கள், பயிற்சி எங்கே, என்ன வேலை செய்தார்’ என்று கேளுங்கள். பெங்களூரில் பயிற்சி, பாலம் கட்டினார், ரோடு போட்டார் என்றால் மதராஸ் சாப்பர்ஸ் என்று தேடத் தொடங்கலாம். லாரி ஓட்டினார் என்றால் படைக்குச் சரக்கு கொண்டுசேர்க்கும் சர்வீஸ் கோர். காலாட்படை, துப்பாக்கி என்றால் மதராஸ் ரெஜிமென்ட்.

பதிவேட்டில் தேடும் முறை

ஆணையத்தின் இணையதளத்தில் தேடக் கட்டணமில்லை. சிக்கல் பெயரில்தான். ஆள் எடுத்த இடத்தில் எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள் அவை. நம்மவர்களுக்குக் குடும்பப்பெயர் இல்லாததால் ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள். முதற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுத் தேடுங்கள். தங்கவேலு ‘டி’யில் தொடங்கி ‘ஹெச்’ இல்லாமல் இருப்பார். சின்னசாமி ‘சி’யிலும் ‘எஸ்’ஸிலும் இருப்பார். சாமி என்பது ‘ஸ்வாமி’ ஆகியிருக்கும். ழகரம் பெரும்பாலும் ‘எல்’. முத்துவில் ‘டி’க்குப் பின் ‘ஹெச்’ இருந்தும் இல்லாமலும் பாருங்கள். ஒரு பெயருக்குக் குறைந்தது ஆறு எழுத்துக்கூட்டலாவது எழுதி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

பெயரில் கிடைக்கவில்லை என்றால் பெயரையே விட்டுவிடுங்கள். கூடுதல் விவரக் கட்டத்தில் ஊர் அல்லது மாவட்டப் பெயரைக் கொடுத்து, படை என்ற இடத்தில் இந்தியப் படையைத் தேர்ந்தெடுங்கள். ‘இன்னார் மகன், இன்னார் கணவர், இன்ன ஊர்’ என்ற வரி அங்கேதான் சேமிக்கப்பட்டிருக்கிறது. மாவட்டம் அன்றைய மாவட்டமாக இருக்க வேண்டும்: வேலூர், திருவண்ணாமலைக்காரர்கள் வட ஆற்காட்டில், கடலூர், விழுப்புரத்துக்காரர்கள் தென் ஆற்காட்டில், தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் சேலத்தில். திருநெல்வேலியையும் தஞ்சாவூரையும் வெள்ளைக்காரர் எழுத்துக்கூட்டலிலேயே தட்டுங்கள். வரும் பட்டியலைத் தரவிறக்கி எக்செல்லில் வரிசைப்படுத்தினால் கண்ணுக்குத் தப்பியவர் அகப்படுவார். தகப்பனார் பெயர், மனைவி பெயர், ஊர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் நம்மவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் மட்டும் பொருந்துவதை நம்பிக் கல்வெட்டு வெட்டிவிட வேண்டாம்.

பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது?

பதிவில் நினைவகத்தின் பெயரும், ‘பேனல்’ (சுவர்ப் பலகை) அல்லது ‘காலம்’ (column, நெடுவரிசை) எண்ணும் இருக்கும். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனிக் கல்லறை கிடையாது, பெயர் சுவரில்தான். கல்லறை எங்கே என்று தேடி ஏமாற வேண்டாம். கோஹிமாவில் அப்படி 917 பேரின் பெயர்கள் எரியூட்டு நினைவகத்தில் உள்ளன, இம்பாலில் 868. பர்மாவில் இறந்து உடல் கிடைக்காதவர்கள் யாங்கூனுக்கு வடக்கே தாக்கியானிலுள்ள ரங்கூன் நினைவகத்தில். அங்கே ஏறக்குறைய 27,000 பெயர்கள். மலேயா, சிங்கப்பூர் என்றால் கிராஞ்சியிலுள்ள சிங்கப்பூர் நினைவகம், 24,000க்கு மேல். பிரான்சில் இறந்தவர்களுக்கு அங்குள்ள நவ் ஷாப்பெல் நினைவகம். இந்தியாவுக்குள் முகாமிலோ ஆஸ்பத்திரியிலோ இறந்தவர்களில் பலர் டெல்லி, கராச்சி 1939-1945 நினைவகங்களில் வருகிறார்கள். அங்கே சுவரில் தேடக் கூடாது, பெயர்கள் இருப்பது ஏட்டில். சென்னைக்காரர்கள் நந்தம்பாக்கம் போர்க்கல்லறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வெளியூர்ப் பயணத்தைத் திட்டமிடலாம். வரிசை, எண், பதிவேட்டுப் பெட்டி எல்லாம் எப்படி இருக்கும் என்று அங்கேயே பழகிக்கொள்ளலாம்.

மெசபடோமியாவுக்குப் (இன்றைய ஈராக்) போனவர்கள் விஷயம் வருத்தமானது. பஸ்ரா நினைவகத்தில் அதிகாரிகளின் பெயர்கள் வெட்டப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டார்கள். இறந்தவர்களுக்குள் பதவி, இன, மத வேறுபாடு பார்ப்பதில்லை என்பது 1917இல் தொடங்கிய அந்த ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை. அந்தக் கொள்கை நம்மவர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் மீறப்பட்டதை 2021இல் ஆணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. பெயரால் நினைவுகூரப்படாதவர்கள், அல்லது நினைவுகூரப்படவே இல்லாதவர்கள், குறைந்தது 1,16,000 பேர் என்றது அந்த அறிக்கை. அதனால் உங்களவர் பெயர் இல்லையென்றால் குடும்பம் சொன்னது பொய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள். படையில் இருந்தார், இந்தத் தேதியில் இறந்தார் என்ற இரண்டுக்கும் அக்காலத்து ஆவண நகல் இணைக்க வேண்டும். பாட்டி சொன்னது சான்றாகாது. பெயர்ப்பிழை திருத்தவும் இதே வழிதான். மாதக்கணக்கில் ஆகும். திருத்தம் முதலில் இணையப் பதிவில் வரும். கல்லில் வருவது பின்னால்.

1947க்குப் பிறகு போரிலும் படை நடவடிக்கைகளிலும் இறந்தவர்கள் என்றால் டெல்லி தேசியப் போர் நினைவகம், 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. அங்கே தியாகச் சக்கரம் என்ற வட்டச் சுவர்களில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கருங்கல் பட்டை. மொத்தம் 25,000க்கு மேல். அதன் இணையதளத்தில் பெயரைத் தேடி இடத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். பணி ஆவணம் வேண்டுமென்றால் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும்: மதராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, பீரங்கிப்படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் படைக்கு லக்னோ. எண்ணின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தை விட்டுவிடாதீர்கள். எண் சரிதானா என்று சோதிப்பதற்காகப் போட்ட எழுத்து அது. பழைய கோப்புகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கப்படுகின்றன. ஆகவே ‘சர்வீஸ் ரெக்கார்ட் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் ‘இல்லை’ என்று பதில் வந்து முடிந்துவிடும். லாங் ரோல் என்பது அழிக்காமல் வைக்கும் படைவீரர் பெயர்ப் பதிவேடு; ‘லாங் ரோல் பதிவின் நகல்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வாரிசுச் சான்றிதழை இணைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் கடிதம் போக வேண்டிய மேசைக்குப் போகும்.

நேரில் போகும்போது

பதிவுப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள். பெயர்கள் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குள் ஆங்கில அகரவரிசை என்று அடுக்கப்பட்டிருக்கும். பதவி தெரியாமல் போனால் ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவே வெயிலில் நிற்க நேரிடும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும், உச்சிவெயிலில் படம் எடுத்தால் வெறும் வெள்ளைச்சுவர்தான் விழும்.

நம் வழக்கத்தில் கை தானாகத் திருநீற்றுக்கும் குங்குமத்துக்கும் போகும். அந்தக் கல்லில் எதையும் பூசாதீர்கள். நம் கோயில் கருங்கல் எண்ணெயைக் குடித்துப் பளபளக்கும், சுண்ணாம்புக்கல்லால் ஆன நினைவகச் சுவர் அப்படியல்ல. ஒரு துளி நல்லெண்ணெய் பட்டாலும் உள்ளே இறங்கிப் பழுப்பாகப் பரவும், அதன்மேல் தூசு ஒட்டும், கழுவினால் போகாது. மஞ்சளும் அப்படியே. பக்கத்துப் பெயர் வேறொரு வீட்டுப் பிள்ளையுடையது. அவருக்கும் சேர்த்துக் கறையாகும். வாழையிலையை அல்லது தட்டைத் தரையில் வைத்து, அதன்மேல் அகல். கற்பூரம் வேண்டாம், புகைக்கரி சுவரில் ஏறும். பூவை உதிரியாகவோ மாலையாகவோ தரையில் வையுங்கள், ஒட்டும் டேப்பால் சுவரில் ஒட்டாதீர்கள். ஊர் மண்ணை ஒரு பொட்டலத்தில் கொண்டுபோய் அடிவாரத்தில் தூவ நினைப்பவர்கள் வெளிநாட்டு நினைவகமென்றால் விமான நிலைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல நாடுகள் மண்ணை உள்ளே விடுவதில்லை. வருகைப் பதிவேட்டில் தமிழில் எழுதுங்கள்: அவர் பெயர், எண், உங்கள் உறவு, ஊர்.

நாளைக் குறிப்பது

திதி கொடுக்கும் குடும்பங்களுக்கு இது நுணுக்கமான இடம். பதிவேட்டில் இருப்பது ஆங்கிலத் தேதி. நமக்குத் தமிழ் மாதம், பட்சம், திதி வேண்டும். சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பிப்ரவரி 15ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விஷு வருடம் மாசி மாதம், அமாவாசை. ஆனால் அன்று பிற்பகலிலேயே அமாவாசை முடிந்து வளர்பிறைப் பிரதமை பிறந்துவிடுகிறது. காலையில் குண்டடிபட்டு இறந்தவருக்கு ஒரு திதி, இரவில் ஆஸ்பத்திரியில் இறந்தவருக்கு வேறு திதி. நேரம் தெரியாதபோது எதை எடுப்பது என்பதை வீட்டுப் புரோகிதரிடம் கேட்டு ஒருமுறை முடிவுசெய்து, எழுதி வைத்துவிடுங்கள். எழுதாவிட்டால் அண்ணன் வீட்டில் ஒரு நாளும் தம்பி வீட்டில் ஒரு நாளுமாகப் போய்விடும்.

கைதியாகப் பிடிபட்டுக் காணாமல்போனவர்களின் பதிவில் ஒரே தேதி இராமல் ‘இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில்’ என்றிருக்கும். இவர்களுக்கு மகாளய அமாவாசைதான் பொருத்தம். நாள் தெரியாதவர்களுக்கும் அன்று கொடுக்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இருக்கிறது. நண்பனை இழந்தவர்கள் திதி கொடுக்க உரிமையில்லையே என்று தயங்க வேண்டாம். ஆங்கிலத் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்று அவர் வீட்டுக்குப் போனில் பேசுங்கள். அவரோடு இருந்த முகாம், உண்ட உணவு, அவர் பேசிய பேச்சு என நினைவில் உள்ளதைப் பத்து நிமிடம் போனில் பதிவு செய்து அவருடைய பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு பாதி உங்களிடம்தான் இருக்கிறது.

ஊரில் கல் நடுவது

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படிகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைப் பார்த்துத் தேர்வதே முதல் படி. இன்றும் வரிசை அதுதான், ஆனால் அதற்கு முன்னால் இடம். சொந்தப் பட்டா நிலம் உத்தமம். புறம்போக்கிலும் சாலையோரத்திலும் அனுமதியில்லாமல் நட்டால் சாலையை அகலப்படுத்தும் நாளில் கல் பெயர்ந்துவிடும். பொது இடம் என்றால் கிராமசபையில் தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களில் ஏதாவது ஒன்றுக்கு முன்பே மனுக் கொடுத்துவிட வேண்டும்.

கல் நாலரை அடி உயரம், இரண்டடி அகலம், ஐந்தங்குலக் கனம் இருந்தால் போதும். ஒன்றேகால் அடி மண்ணுக்குள் போகட்டும். மேல்முனையைச் சற்றுச் சரிவாக வெட்டச் சொல்லுங்கள், தண்ணீர் தேங்காது. செம்மண்ணில் இரண்டரை அடிக் குழி போதும். கரிசலில் போதாது: மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் மண் அது, இரண்டு வருடத்தில் கல் சாய்ந்துவிடும். நாலடி தோண்டி, கரிசலை அப்புறப்படுத்தி, சரளையும் மணலும் போட்டுத் திமிசால் இறுக்கி, அதன்மேல் கான்கிரீட் போட வேண்டும்.

எழுத்தை உளியால் வெட்டச் சொல்லுங்கள். பளபளப்பான கறுப்பு கிரானைட்டில் லேசரால் சுரண்டியது புதிதில் அழகு. ஆழமே இல்லாததால் பெயின்ட் போனால் எழுத்தும் மங்கும். பெயர் இரண்டங்குலம், மற்ற வரிகள் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல். முக்கால் அங்குலத்துக்குக் கீழே போனால் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழி உடைந்து பொத்தலாகிவிடும்.

பிழை பெரும்பாலும் கணினியில்தான் நுழைகிறது. நீங்கள் யூனிகோடில் அனுப்பியதைக் கல்வெட்டுக்காரர் தம் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது புள்ளி பறந்துபோகும், கொம்பு இடம் மாறும். வாட்ஸப்பில் வந்த படத்தைப் பார்த்து ‘ஓகே’ சொல்லாதீர்கள். கல்லின் அளவுக்கே தாளில் அச்செடுக்கச் சொல்லி, விஷயமே தெரியாத ஒருவரை விட்டு எழுத்தெழுத்தாகச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ர-ற, ன-ண, எண்ணின் இலக்கங்கள், தேதி எல்லாவற்றிலும் டிக் போட்ட பிறகே உளி கல்லில் படட்டும்.

என்ன எழுதுவது? பெயர், தகப்பனார் தாயார் பெயர், படை எண், பதவி, படைப்பிரிவு, ஊர், இறந்த நாளும் இடமும், எந்த நினைவகத்தில் எந்த எண் பேனலில் பெயர் இருக்கிறது என்பது, கல் நட்டவர், ஆண்டு. மலேரியாவில் இறந்தவரைப் ‘போர்முனையில் பொருது மடிந்தார்’ என்று எழுத வேண்டாம். ‘படைப்பணியில் இறந்தார்’ என்பதில் குறைவு எதுவும் இல்லை. ஆணையமும் இருவருக்கும் ஒரே அளவுக் கல்லைத்தான் வைத்தது. ‘மாவீரர்’ என்ற அடைமொழியை ஊரே கூடிப் போடலாம், ஆனால் அதற்கு இடம் பிடிக்கப் படை எண்ணை எடுத்துவிடாதீர்கள். முகப்பின் அடியில் ஓரடி வெற்றிடம் விடுங்கள். கல் நட்ட செய்தி பரவியதும் ‘எங்க வீட்டிலும் ஒருத்தர் போனார்’ என்று யாராவது தகரப்பெட்டியோடு வருவார்கள்.